மெம்பரின் காதும் துப்பாக்கிச் சட்டமும்

ஓர் அரசியல்வாதி துப்பாக்கிச் சட்டத்தை ஏன் ஆதரிக்கிறார்? போன வாரம் உங்களில் ஒருவர் இந்தக் கேள்வியை ஒரு தாளின் தலையில் எழுதி, அதன் கீழே மூன்று விடைகளையும் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். பொதுஜனப் பாதுகாப்பு. ஊர் அமைதி. நாகரிகம். முத்து முத்தான கையெழுத்து. நான் படித்துவிட்டுச் சிரித்தேன். அவர் முகம் வாடிவிட்டது. அதற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மூன்று விடைகளிலும் தப்பே இல்லை. நானே அவற்றைப் பல வாய்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவை கைதட்டலும் வாங்கியிருக்கின்றன. ஆனால் எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு மெம்பர் அந்தச் சட்டத்தின் பக்கம் போய் நின்றது கேசரியால்.

ஆமாம், கேசரி. முந்திரி போட்டது.

மேடைப் பேச்சு எழுதும் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். இன்னொருவர் வாய்க்குள் குடியிருக்கும் தொழில் இது. உங்கள் சொல்லுக்கு அவர் மாலை வாங்குவார், நீங்கள் கூட்டத்தின் கடைசியில் நின்று உங்களுக்கு நீங்களே தலையாட்டிக்கொள்வீர்கள். அந்தத் தலையாட்டலில் ஒரு போதை இருக்கிறது. நான் அதில் பல வருஷம் மிதந்தவன். இப்போது ஐம்பதைத் தாண்டி, பேனாவை மூடி வைத்த பிறகும், தெருவில் யாராவது உரக்கப் பேசினால் கை தானாகத் தாளைத் தேடுகிறது.

மெம்பர் என்று நான் சொல்கிறவர் ஆம்பூரில் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் பட்டறை, வைத்திருந்தவர். சட்டசபை என்ற சொல்லே நம் ஊர் நாக்குகளுக்குப் புதிதாக இருந்த காலம் அது. தேர்தலில் ஜெயித்து அவர் சென்னைக்குப் போய் வந்ததும், பெண்டாட்டி உட்பட ஊரே அவரை மெம்பர் என்று கூப்பிட ஆரம்பித்தது. பாலாற்று மணலில் நின்று அவர் பேசினால் எதிர்க்கரையில் இருப்பவன் பதில் சொல்வான். அப்படி ஒரு குரல். இங்கிலீஷ் வராது, சபையில் தமிழிலேயே பேச அனுமதி வாங்கியிருந்தார். அந்தத் தமிழை எழுதிக் கொடுக்கும் ரைட்டர் நான்.

அவரிடம் லைசென்சோடு இரண்டு துப்பாக்கிகள் உண்டு. இரண்டையும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, தோல் காயும் முற்றத்தில் உட்கார்ந்த காகத்தைச் சுட்டாராம். காகம் எழும்பிப் பறந்து, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்கார்ந்ததாம். அதற்குப் பிறகு அலமாரி திறக்கப்படவில்லை.

துப்பாக்கி வேண்டுமென்றால் கலெக்டரின் லைசென்சு வேண்டும் என்பது அப்போதே பழைய சட்டம். பெரிய மனிதர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். மலையடிவாரத்தில் மல்லாட்டை போடும் உழவனுக்கு, எந்த மண்ணில் வேர்க்கடலை விளைந்தாலும் மோப்பம் பிடித்துவிடும் காட்டுப் பன்றிகளோடு ராத்திரியெல்லாம் தகரம் தட்டிப் போராடுகிறவனுக்கு, அது லேசில் கிடைக்காது. ஆகவே உழவனின் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்சே வேண்டாம் என்று அரசாங்கத்துக்குச் சிபாரிசு செய்யும் தீர்மானம் ஒன்று சபைக்கு வரவிருந்தது. அதை ஆதரித்து நம் மெம்பர் பேசுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பேச்சை எழுதினேன் பாருங்கள்! இன்றும் நினைத்தால் காது சூடாகிறது. அதில் பன்றி வரி வாங்கிற்று, பன்றி தர்பார் நடத்திற்று, மல்லாட்டைச் செடி நீதி கேட்டு அழுதது. மெம்பர் தோல் ஷாப் முற்றத்தில், கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த ஆட்டுத் தோல்களுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். காற்றடித்தபோது தோல்கள் எல்லாம் அசைந்தன. “பாத்தியாய்யா ரைட்டரு, கை தட்றாங்க” என்றார். ஆவாரம்பட்டை ஊறும் குழிகளின் துவர் வாசனைக்கு நடுவே நாங்கள் இருவரும் குடித்தவர்கள் போல நின்றோம்.

செய்தி மலையடிவாரத்துக்குப் போயிற்று. நாட்றம்பள்ளிப் பக்கத்து உழவர்கள், மெம்பரை வாழ்த்த ஒரு காலையில் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ரயில் ஸ்டேஷனிலிருந்து மெம்பரை அவர் வீடு வரை அழைத்து வரும் ஊர்வலம். பேண்டு வாத்தியம். வீட்டு வாசலில் பந்தல், பந்தல் முகப்பில் ‘வருக’ என்று எழுதிய துணி. அவர்களோடு முனிசாமி என்பவனும் வந்திருந்தான். முப்பது வயது இருக்கும். மல்லாட்டைக் காவல்காரன், ஒடிசலான உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பல்வரிசை. அவன் தோளில் அப்பன் காலத்து நாட்டுத் துப்பாக்கி. அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வேட்டுப் போடுவது வழக்கம். குழலுக்குள் வெடிமருந்தைக் கொட்டி, கந்தல் துணியைத் திணித்து, கம்பியால் கெட்டித்து வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். சத்தம் மட்டும் வரும், வேறு ஒன்றும் வராது. மெம்பர் பந்தலுக்குள் நுழையும்போது அப்படி ஒன்று போடச் சொல்லி அவனைப் பக்கத்துச் சந்தில் நிறுத்தியிருந்தார்கள்.

வீட்டுக்குள் ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. ஊர்வலம் தெருமுனை திரும்பிவிட்டது. பேண்டுச் சத்தம் கேட்கிறது. பின்கட்டிலிருந்து கேசரி வாசனை மட்டும் வரவில்லை. எனக்குப் படபடப்பு. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துச் சமையல்காரனை நோக்கிக் கத்தினேன்.

“ரவ போட்டாச்சா இல்லியா? ஊர்வலம் வந்துடுச்சுய்யா! போடு சீக்கிரம்! கம்மியா போட்டு மானத்த வாங்காத, ஜாஸ்தியாவே போடு! நெய்ய ஊத்து!”

“போட்டேங்க!” என்று பதில் வந்தது. இரண்டு குரலில் வந்தது. ஒன்று பின்கட்டிலிருந்து, ஒன்று சந்திலிருந்து. எதிரொலி என்று நினைத்தேன். ஆம்பூர்த் தெருவில் எதிரொலிக்க மலை எங்கே இருக்கிறது என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

மெம்பர் பந்தலுக்குள் கால் வைத்தார். டமார்!

‘வருக’ துணி கிழிந்து தொங்கியது. பேண்டுக்காரனின் பெரிய மேளம், மெம்பர் ஷாப்பிலேயே பதப்படுத்திய தோல் கட்டிய மேளம், பொத்தென்று வாய் பிளந்தது. மெம்பர் வலது காதைத் தொட்டார், விரலைப் பார்த்தார். சிவப்பு.

“சுட்டுட்டான்!” என்றார். அந்த முதல் கத்தலில் பயம் மட்டும்தான் இருந்தது. ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, “என்னைச் சுட்டுட்டாண்டா!” என்று இரண்டாம் முறை கத்தினாரே, அதில் வேறு ஏதோ கலந்திருந்தது. ‘என்னை’ என்ற சொல் சற்றே நீண்டது. பேச்சு எழுதுகிறவன் காதுக்கு அந்த நீளம் தப்பாது.

சந்தில் புகைக்கு நடுவே முனிசாமி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி, பாராட்டை எதிர்பார்த்து நின்றான். அந்தச் சிரிப்பே அவனுக்கு எதிரான முதல் சாட்சியாகப் போயிற்று. போலீஸ்காரர் அவனைப் பிடித்து இழுத்தபோதும் அவன் சிரிப்பு முழுதாக இறங்கவில்லை.

அடுத்த மூன்று நாள் மெம்பர் வீடு திருவிழாக் கோலம். ரவை உரசிக் கிழித்தது காது மடலில் அரை நகத்தளவு; கட்டோ தலையைச் சுற்றி வந்தது. யாராவது பெரிய மனிதர் பார்க்க வந்தால் அதற்கு முன்னால் இன்னொரு சுற்று கூடும். தந்தி வந்த வண்ணம் இருந்தது. பக்கத்துத் தொகுதி மெம்பர் நேரில் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, பெருமூச்சு விட்டுப் போனார். அவர் போன பிறகு நம்மவர் என்னிடம் குனிந்து, “அவனுக்கு பேஜாராப் போச்சுய்யா. இத்தினி வருசத்துல அவன் மேல ஒரு கல்லு கூட வுழல” என்றார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சந்தோஷம்.

பேச்சு தலைகீழாயிற்று.

“அந்தப் பன்னிப் பேச்ச கிழிச்சுப் போடு. புதுசா எழுது. சட்டத்த இன்னும் இறுக்கணும். நாடு பூரா எல்லாத் துப்பாக்கியும் புடுங்கணும்.”

“உங்களுது ரெண்டும்ங்களா?”

“அது அலமாரில பூட்டி கெடக்குதுய்யா. அது துப்பாக்கியா?”

எழுதினேன். தியாகம் வந்தது, ரத்தம் வந்தது, ‘என் காதில் பாய்ந்த குண்டு ஜனநாயகத்தின் காதில் பாய்ந்த குண்டு’ வந்தது. அதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பின்னால் யோசித்தபோது, அந்த மூன்று நாளில் அவர் சட்டத்தை நேசித்ததற்குக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது தெரிந்தது. பயம் இருந்தது, அது நியாயமானது. தன்னிடம் இருப்பது இன்னொருவனிடம் இல்லாமல் போனால் அதன் மவுசு ஏறும் என்கிற கணக்கு இருந்தது. லைசென்சு என்று ஒன்று இருந்தால்தான் சிபாரிசுக் கடிதத்துக்கு வாசலில் ஆள் வருவான் என்கிற ருசி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தான் சுடப்படத் தக்க ஆள் என்கிற மயக்கம். துப்பாக்கிச் சட்டம் பேசுகிற எந்த மேடையிலும் இந்த நாலையும் தேடிப் பாருங்கள். ஏதாவது ஒன்று நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்.

இன்ஸ்பெக்டருக்கு இது சாதாரணக் கேஸாகப் படவில்லை. சதி இருக்கிறது, பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நம்பினார். கொலை முயற்சி என்று எழுதி வேலூர் கோர்ட்டுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். மெம்பர் என்னைக் கூப்பிட்டார். “நீ போயி அவன பாரு. எவன் ஏவி வுட்டான்னு நைசா கேளு. பேச்சுல ஒரு வரி போடலாம்.”

போனேன். போலீஸ் ஸ்டேஷன் கம்பிக்குப் பின்னால் முனிசாமி குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் சடக்கென்று எழுந்து கும்பிட்டான்.

“காது எப்பிடி கீதுங்க, மெம்பருக்கு?”

“பரவால்ல. முனிசாமி, வெறும் வேட்டுதானே போடச் சொன்னாங்க? உள்ள எதுக்கு ரவ போட்ட?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கம்பியருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “பயப்படாதீங்க ரைட்டரய்யா. நான் யாராண்டயும் சொல்லல.”

“எதை?”

“நீங்க சொன்னத.”

“நான் இன்னா சொன்னேன்?”

“ரவ போடுன்னீங்க. நான் மருந்து மட்டுந்தாங்க வெச்சிருந்தேன். அப்பால நீங்க சத்தம் போட்டீங்க. ஜாஸ்தியா போடுன்னீங்க. பன்னிக்கு வெச்சிருந்த ஈய ரவ மடியில இருந்துது, ஒரு கை அள்ளிப் போட்டேன். கனத்துல கொழலு பந்தல் பக்கம் சாஞ்சிடுச்சு.” கொஞ்சம் வெட்கப்பட்டான். “நெய்தான் கையில இல்லீங்க. அது எதுக்குன்னும் புரியல. பெரிய மனுசங்க வூட்டு வழக்கமா இருக்கும்னு வுட்டுட்டேன்.”

துப்பாக்கிக்குள் போகும் ஈயக் குண்டுமணிக்கும் ரவை என்று பேர், வாணலிக்குள் போகும் கோதுமைக் குருணைக்கும் ரவை என்று பேர். இது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு சொல்லைக் கத்தும்போது நம் மனசில் இருக்கும் வாணலி மட்டுமே உலகத்தில் உள்ள வாணலி என்று நினைத்துவிடுகிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் குழலைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிவதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து குமிழ் குமிழாக எழும்பியது. அதே நேரம் பயமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதன் கம்பியைப் பிடித்துக்கொள்வான். பிடித்துக்கொண்டேன்.

“இதை ஏன்டா இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லல?”

“பெரிய எடத்து விவகாரம். நீங்க ஏதோ காரணமாத்தான் சொல்லியிருப்பீங்க. நான் வாயத் தொறந்தா உங்க வேலை போய்டும்ல?” பிறகு, முதல் தடவையாக அந்தப் பற்கள் மறைந்தன. “எத்தினி நாள்ல வுடுவாங்க? மல்லாட்டை முத்திடுச்சு. பன்னி எறங்கும்.”

நாள் கணக்கில் கேட்டான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தது வருஷக் கணக்கு.

ஸ்டேஷனிலிருந்து மெம்பர் வீடு கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை நான் மூன்று முறை நடந்தேன். வாயை மூடிக்கொண்டால் எனக்கு ஒன்றுமில்லை. அவனும் சொல்லப் போவதில்லை. என் பேச்சு சபையில் முழங்கும், பத்திரிகையில் வரும். வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும், என்னை ஏவியவன் என்று உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள், மெம்பரின் தலைக்கட்டு ஒரு நொடியில் காதுப் பஞ்சாகச் சுருங்கும். எழுதியதைவிட எழுதாமல் விட்டதற்காகத் தூக்கம் கெட்டவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறை நடந்தபோது நின்று யோசிக்காமல் உள்ளே போய்விட்டேன். அதில் தைரியம் ஒன்றுமில்லை. யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மெம்பர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் அவர் மனைவி, நாங்களெல்லாம் அம்மா என்று கூப்பிடுகிறவர், பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரவை, ஜாஸ்தி, நெய். எதையும் விடவில்லை.

மெம்பர் தலைக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, “வேற யாராண்டயாவது சொன்னியா?”

“இல்லீங்க.”

“சொல்லாத. அவன் கொஞ்ச காலம் உள்ள இருக்கட்டும். குடும்பத்த நான் பாத்துக்கறேன். பேச்சு முடியட்டும்.”

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு பாக்குவெட்டி தரையில் விழுந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், முந்தானையை வாயில் வைத்து, அதையும் மீறி.

“இன்னாத்துக்குடி சிரிக்கிற?”

“கேசரிக்கு... கேசரிக்குப் போட்ட ரவ... உங்க காதுல...” மேலே பேச்சு வரவில்லை. மூச்சு திரும்பியதும் சொன்னார்: “மூணு நாளா அந்தக் கேசரிய ஊருக்கெல்லாம் குடுத்தேனே, யாரும் காது நல்லாருக்குன்னு சொல்லல.”

மெம்பரின் மீசை துடித்தது. அவர் முறைக்கத்தான் பார்த்தார். ஆனால் நாற்பது வருஷமாகத் தன்னைப் பார்த்துச் சிரிக்காத பெண்டாட்டி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு தோல் ஷாப் குழி மாதிரி, விளிம்பில் நின்றவனையும் உள்ளே இழுக்கும். அவரும் விழுந்தார். சிரிக்கச் சிரிக்கக் காது வலித்தது, ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய இடத்தில் அம்மா மெதுவாகக் கேட்டார். “பேண்டுக்காரன் பக்கத்துல ஷாப்புப் பொம்பளைங்க கொழந்தைய தூக்கிக்கினு நின்னாங்களே. குழல் ஒரு சாண் எறங்கியிருந்தா?”

மெம்பர் தலைக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கடைசியில் மடியில் ஒரு குவியல் துணியும், காதில் ஒரு சின்னப் பொருக்கும் மிஞ்சின. “வண்டி கட்டச் சொல்லு” என்றார். “வேலூர் போவோம்.”

வேலூரில் விசாரித்தது ஒரு வெள்ளைக்காரத் துரை. தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார், மிகவும் நேர்மையானவர், ஒரு சொல்லையும் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். நான் கத்தியதை அப்படியே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவர் என் முகத்தையும் கூண்டில் நின்ற முனிசாமியின் முகத்தையும் பார்த்தார். இது துப்பாக்கிக் கேஸ். ஆகவே ரவையைத் துப்பாக்கி ரவையாகவே துரையிடம் சொன்னார். குண்டு போடு, நிறையப் போடு, அதன் மேல் நெய்யை ஊற்று.

துரை எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். “நெய்யா?”

“நெய்தான்” என்றார் மொழிபெயர்ப்பாளர், கடமை தவறாமல்.

“எதற்கு?”

கோர்ட்டே முனிசாமியைப் பார்த்தது. அவன் கைகூப்பி, “அதாங்க எனக்கும் புரியல” என்றான்.

பின்வரிசையில் ஒருவர் வெடித்தார். பிறகு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. மெம்பர் எழுந்து, தன் எதிர்க்கரைக் குரலில், “துரைகளே, அது எனக்குச் செஞ்ச கேசரிங்க” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார். உலகத்தில் எந்தச் சதிகாரனும் நெய் சேர்க்கச் சொல்லி ஆள் ஏவியதில்லை என்பது துரைக்கும் விளங்கிவிட்டது. கொலை முயற்சி அங்கேயே கலைந்தது. ஆனால் துப்பாக்கியின் லைசென்சைக் கேட்டபோது முனிசாமி நீட்டிய தாளில் இருந்தது அவன் அப்பன் பேர். அப்பனோ போய்ச் சேர்ந்து வெகுகாலம். துரை கண்டித்து, துப்பாக்கியைச் சர்க்காரில் வைத்துக்கொண்டு, அவனை அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை, ரயில் எத்தனை மணிக்கு என்பது. மல்லாட்டையின் நினைப்பு.

தீர்மானம் சபைக்கு வந்த அன்று நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். மெம்பரின் பையில் என் இரண்டு பேச்சுகளும் இருந்தன, பன்றியும் தியாகமும். எனக்குப் பக்கத்தில் முனிசாமி. மல்லாட்டை பிடுங்கி முடிந்திருந்தது. “நீயும் வா” என்று மெம்பர் சொன்னதும் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

மெம்பர் எழுந்தார். பையைத் தொடவில்லை. கேசரிக் கதையைச் சொன்னார். சபை சிரித்தது, அவர் அது ஓயும் வரை காத்திருந்தார்.

“சிரிங்க. நானும் சிரிச்சேன். எங்கூட்ல இன்னும் சிரிச்சிக்கினு இருக்காங்க. ஆனா ஒண்ணு. அவன் கெட்டவன் இல்லீங்க. எம்மேல விரோதம் இல்ல. என் வூட்லேந்து ஒரு கொரல் வந்துது, போடுன்னு. போட்டான். எதுக்குன்னு கேக்கல. பெரிய எடத்துப் பேச்சு, கேக்கக்கூடாதுன்னு நெனச்சிட்டான். இந்தச் சபையில குந்தியிருக்கற ஒவ்வொருத்தருக்கும் அப்பிடி ஒரு ஆளு ஊர்ல இருக்கான். நாம கோவத்துல ஒண்ணு சொல்லுவோம், தமாசுக்கு ஒண்ணு சொல்லுவோம், சோத்துக்கு ஒண்ணு சொல்லுவோம். அவன் காதுல எது எப்பிடி வுழும்னு நமக்குத் தெரியாது. அதனால நடுவுல யாராவது ஒருத்தர் நின்னு, எதுக்குடா உனக்கு இதுன்னு ஒரு தபா கேக்கணும். லைசென்சுன்னா எனக்கு அவ்ளோதான். பன்னிக்கு அவஸ்தப்படறவனுக்குக் குடுங்க, அலைய வுடாம சீக்கிரமா குடுங்க. ஆனா கேட்டுட்டுக் குடுங்க. லைசென்சே வேணாம்னு சொல்ற இந்தத் தீர்மானத்துக்கு என்னால கை தூக்க முடியாது.”

எதிர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “அப்படியானால் மெம்பர் உழவனை நம்பவில்லையா?”

“உழவன நம்பறேங்க,” என்றார் மெம்பர். “என் வாயத்தான் நம்பல.”

என் பக்கத்தில் முனிசாமி எழுந்து நின்று, “அது நான்தாங்க! சுட்டது நான்தான்!” என்று எல்லாருக்கும் சொன்னான். சேவகர் அவனைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

தீர்மானம் தோற்றது. எங்கள் மெம்பரின் பேச்சால் என்று சொல்ல மாட்டேன். அரசாங்கத்தின் பக்கம் கைகள் எப்போதுமே ஜாஸ்தி. சர்க்காருக்கு வால் பிடித்துவிட்டான் என்று மறுநாளே ஒரு பத்திரிகை எழுதியது. உழவர்கள் சிலர் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்கள். அதையெல்லாம் வாங்கிக்கொண்டார்.

படியிறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “பேச்சு எப்பிடிய்யா?”

“நான் எழுதினதுல ஒரு வரி கூட இல்லீங்க.”

“அது தெரியும். எப்பிடி இருந்துச்சு?”

தலையை மட்டும் ஆட்டினேன். இந்த முறை அந்தத் தலையாட்டல் எனக்காக இல்லை.

வெளி வாசலில் முனிசாமி நின்றிருந்தான். கடற்காற்று அவன் மேல்துண்டைத் தூக்கித் தூக்கி முகத்தில் அடித்தது. அவன் பேருக்கு லைசென்சு கேட்டு எழுதிக்கொடுக்க, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கூட்டிப்போவது என்று மெம்பர் மனசுக்குள் முடிவு செய்திருந்தார். எங்கள் இருவருக்கும் அப்போது சொல்லவில்லை. ஜட்காவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “முனிசாமி, ஏறு வண்டியில” என்றார்.

முனிசாமி படியில் ஒரு கால் வைத்தான். வைத்த காலைத் திரும்பக் கீழே இறக்கினான். மெம்பரின் முகத்தை நேராகப் பார்த்தான்.

“இன்னாத்துக்குங்க?”

மெம்பர் ஒரு நொடி அவனையே பார்த்தார். பிறகு என் தோளை ஓங்கி அறைந்து, “கேட்டான்யா! கேட்டுட்டான்யா!” என்று கூவினார். ஜட்காக் குதிரை மிரண்டு நாலடி நகர்ந்தது. அவர் காதைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க, முனிசாமி கீழேயே நின்றான். பதில் வரும் வரை ஏறவில்லை.